சின்ன ரயில் நின்ற பிறகு

எங்கள் வீட்டில் கடிகாரம் வாங்கியதே இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. தேவைப்படவில்லை. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்குப் போகிற சின்ன ரயில் எங்கள் காட்டோரமாகத்தான் போகும். என் தங்கை தீர்த்தம்மாள் வேலியோரம் நின்று, வண்டி வந்ததும் இரண்டு கைகளையும் படபடவென்று உதறுவாள். அவள் கையை உதறினால் மணி பத்து.

பிறந்ததிலிருந்தே அப்படித்தான். யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். அவள் தட்டில் வேறொருவர் சாப்பிட்டால் அன்றைக்குப் பட்டினி. சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வாள். வாயை மூடு என்றால் கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். முப்பத்தொரு வயதாகியும் மாறவில்லை.

நாற்பத்தொன்றில் யுத்தத்துக்கென்று தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கட்டுத்தறிக்கும் வாசலுக்குமாக நாளெல்லாம் நடந்தாள். பாதம் வெடித்து ரத்தம் வந்தது, நடை நிற்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் என் மகளுக்கு ஏரியூரிலிருந்து சம்பந்தம் வந்தது. பார்க்க வந்தவர்கள் இவள் நடப்பதையே பார்த்தார்கள். பதில் சொல்லாமல் எழுந்து போனார்கள்.

நான் கோபப்படுகிறவன் அல்ல. கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உட்காரப் பழக்கினேன். உதறினால் சோறு இல்லை, அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் பழகிவிட்டாள். நடை நின்றது. பேச்சும் குறைந்தது, தூக்கமும் போயிற்று. தீர்த்தம் தெளிந்துவிட்டாள் என்று ஊரில் சொன்னார்கள். அவள் தன் தட்டை என் மகளிடம் கொடுத்தாள். வளையல்களை என் மனைவி ராமக்காவிடம் கொடுத்தாள். அழவில்லை.

ராமக்காவின் கால் புண்ணுக்கு மருந்து கட்ட லூர்துமேரி வருவாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு நாள் தீர்த்தத்தின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணா, அது தெளியலீங்க. கையாட்டறது நின்னுபோச்சு, சாமானெல்லாம் எடுத்துக் குடுக்குது. நேராவே கேட்டேன், செத்துப் போகணும்னு இருக்குதாம்மான்னு. ஆமான்னுச்சு. மழை வருதான்னு கேட்டா சொல்றாப்பல சொல்லுதுங்க."

"அழவே இல்லையே" என்றேன்.

"அழுதாத்தான் வலியா? தனியா வுடாதீங்க. கெணத்துப் படலைச் சாத்திக் கட்டுங்க. நாளைக்கு மத்தியானம் வண்டியோட வந்து கூட்டிட்டுப் போறேன்."

சரி என்றேன். அவள் சொன்னதில் எனக்குப் புதிதாக எதுவும் இல்லை. தட்டைக் கொடுத்த அன்றே எனக்குத் தெரியும். அதற்கு முன்பே தெரியும். பதினைந்து நாளைக்கு முன்னால் தீர்த்தம் என்னிடம் வந்து, தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"அண்ணா, நான் இல்லைன்னா பாப்பாவுக்குக் கண்ணாலம் ஆவுமா?"

"ஆவும்" என்றேன்.

அது பொய்யில்லை. நான் பொய் சொல்கிறவன் அல்ல. என்ன சொன்னாலும் அவள் அதை அப்படியே எடுத்துக்கொள்வாள் என்று தெரிந்துதான் சொன்னேன். அதன் பிறகு தினமும் கேட்டாள். தினமும் அதையே சொன்னேன்.

மறுநாள் காலையில் ராமக்காவையும் மகளையும் வண்டி கட்டிக் கோயிலுக்கு அனுப்பினேன். கிணற்று வழியை அடைத்திருந்த மூங்கில் படலை நானே அவிழ்த்து வேலியோரம் சாத்திவைத்தேன். தீர்த்தம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நான் மேல்காட்டில் களை வெட்டப் போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.

லூர்துமேரி சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். முந்தின நாளே என் முகம் அவளுக்குச் சரியாகப் படவில்லையாம். கிணற்று மேட்டிலேயே தீர்த்தத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கூச்சல் போட்டிருக்கிறாள்.

இப்போது தீர்த்தம் லூர்துமேரி வீட்டில்தான் இருக்கிறாளாம். ஒருவரும் தடுப்பதில்லையாம், மறுபடி கையை உதற ஆரம்பித்திருக்கிறாளாம். லூர்துமேரி நல்லவள்தான். ஆனால் கூடப்பிறந்தவன் பார்த்துக்கொள்வதுபோல் வருமா? விசாரணை முடிந்ததும் தீர்த்தத்தை என்னோடு அனுப்பிவிடுங்கள், ஐயா.