அறுபத்து நான்கு கற்களும் என் வண்டியும்

காவல் நிலைய வளாகத்தில் நிற்கும் என் வண்டியில் அறுபத்து நான்கு கற்கள் இருப்பதாகவும், இரண்டு புகார்களிலும் களவு போனதாகச் சொல்லப்பட்ட கற்கள் இவையே என்றும் பொதுப்பணித் துறை உதவிப் பொறியாளர் நேற்று மாலை எழுதிக் கொடுத்ததை, உதவி ஆய்வாளர் இன்று புதன்கிழமை காலை எனக்கு வாசித்துக் காட்டினார். அதைக் கேட்ட பிறகு இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

என் பெயர் முதல் தாளில் உள்ளது. வயது நாற்பத்தொன்று. பேருந்துப் பணிமனைக்குப் பின்புறம் மூன்றாவது தெருவில் மாடி வீட்டில் குடியிருக்கிறேன். சொந்தமாகச் சிறிய சரக்கு வண்டி ஓட்டுகிறேன். வேறு பிழைப்பு இல்லை.

எங்கள் ஏரியைச் சீர்செய்யும் தன்னார்வலர்கள் இரண்டு அணியாக வேலை செய்கிறார்கள். சனிக்கிழமை அணிக்குத் தலைவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை அணிக்குத் தலைவர் அவருடைய மைத்துனர். இரும்புக் கடைக்காரரான இவர் இடுப்பில் எப்போதும் அளவு நாடா வைத்திருப்பதால் எல்லோரும் 'டேப்பு' என்பார்கள். மாமாவும் மச்சானும் இரண்டு வருடமாகப் பேசுவதில்லை. இரண்டு அணிக்கும் காசு வாங்காமல் வண்டி ஓட்டுவது நான் ஒருத்திதான்.

இரண்டரை வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை, இடித்த கட்டடம் ஒன்றிலிருந்து இந்தக் கற்களை ஏற்றி, ஏரிக்கு வரும் கால்வாயின் மேல்பகுதியில் இறக்கினேன். மழைநீரோடு வரும் வண்டல் ஏரிக்குள் போகாமல் நிற்க, வாத்தியார் அணியினர் அவற்றைக் குறுக்கே அடுக்கினார்கள். இறக்கும்போது நீலச் சாயம் பூசிய படிக்கல் ஒன்று என் வலது கால் பெருவிரலில் விழுந்து நகம் பெயர்ந்தது.

மறுநாள் கால்வாயைச் சுத்தம் செய்துகொண்டே மேலே வந்த டேப்பு அணியினர், தண்ணீரை அடைக்கும் குப்பை என்று அந்தக் கற்களைப் பிடுங்கி என் வண்டியில் ஏற்றினார்கள். இது தடுப்பு என்று சொன்னேன். "தடுப்பாவது துடுப்பாவது, தண்ணி போக வேணாமாம்மா?" என்றார் டேப்பு. அதன் பிறகு, சரிந்த ஏரிக்கரையைக் கட்ட ஆகும் என்று கரையில் குவித்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை, தடுப்பைக் காணோம் என்று வாத்தியார் வேறு கல் தேடி, கரையில் கேட்பாரற்றுக் கிடப்பதாக அதே குவியலை ஏற்றச் சொன்னார்.

"சார், இது நாம போன வாரம் இறக்கின கல்லு."

"கல்லுன்னா எல்லாம் ஒரே மாதிரிதாம்மா இருக்கும். நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

"என் நகத்தப் பேத்த கல்லு எனக்குத் தெரியாதா சார்?"

அவர் சொன்னபடியே ஏற்றி மேலே இறக்கினேன். மறுநாள் கற்கள் மீண்டும் கீழே வந்தன. இவை அதே கற்கள் என்றேன். "கல்லுக்கு அடையாள அட்டையா கேக்கற?" என்றார் டேப்பு. அன்று மாலை நீலக் கல்லைப் படம் எடுத்து, இது மேலும் கீழும் போய் வருகிறது என்று எழுதி, இரண்டு அணிகளின் கைப்பேசிக் குழுக்களுக்கும் அனுப்பினேன். பதினொரு பேர் கைதட்டும் படம் அனுப்பினார்கள். ஒருவரும் படிக்கவில்லை.

கடந்த சனிக்கிழமை மூன்றாவது முறையாக மேலே இறக்கினேன். தடுப்பை யாரோ திருடுவதாக வாத்தியார் அன்று புகார் கொடுத்தார். கரைக் கல்லைத் திருடுவதாக டேப்பு அன்றே வேறு புகார் கொடுத்தார். ஞாயிறு காலை டேப்பு அணியினர் ஏற்றிய சரக்கோடு வளைவில் திரும்பியபோது காவலர் என்னை நிறுத்தினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டேப்பு, "இந்த வண்டியப் பத்திதான் சார் நானும் எழுதிக் குடுத்திருக்கேன்" என்றார். இரண்டு புகார்களுக்கும் குற்றவாளி நானே ஆனேன்.

அன்று மாலை நிலையத்தில் பெஞ்சின் இரு முனைகளில் வாத்தியாரும் டேப்பும் உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியாரின் மனைவி, அதாவது டேப்பின் அக்கா, வந்து நின்று சொன்னார்: "நீங்க சுவரப் பாக்கறீங்க, அவன் ஃபேனப் பாக்கறான். உங்க ரெண்டு பேருக்கும் தபால் கொண்டு போகவா இந்தப் பொண்ணு வண்டி வாங்கினா?"

இருவரும் தனித்தனியாகப் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார்கள். ஆனால் கல் தன்னுடையது என்பதை இருவரும் விடவில்லை.

வழக்கு முன்பே பதிவாகிவிட்டதால், வண்டியை விடுவிக்கும் மனு நாளை வியாழன் காலை பதினொரு மணிக்கு நீதிமன்றத்தில் வருகிறது. வெள்ளிக்கிழமை கனமழை என்று வானிலை மையம் சொல்லியிருக்கிறது. கால்வாயில் இப்போது தடுப்பு இல்லை, கரையிலும் கல் இல்லை. வண்டி கிடைத்தால் சரக்கோடுதான் கிடைக்கும். கல்லை எங்கே இறக்குவது என்று ஒரே தாளில் இருவரும் கையெழுத்திட்டுத் தரும்வரை நான் சாவியைத் திருப்ப மாட்டேன். அந்தத் தாளை நீதிபதி வாங்கித் தந்தாலும் சரி, அந்த அக்கா வாங்கித் தந்தாலும் சரி.

மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை.

(கையொப்பம்)