ஒரு கண்ணி

2009 நவம்பர் 14, சனிக்கிழமை. தெற்கு டகோட்டா மாநிலத்தின் ஹார்டிக் ஊரில் வெல்பி கல்லூரி, எட்டுக் கல்லூரி வட்டாரப் போட்டியின் கடைசி ஆட்டத்தை மார்ஷ்டன் கல்லூரியோடு ஆடியது. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் கால்பந்து. பக்கக்கோட்டில், இரு முனையிலும் கம்பு கட்டிய பத்து கெஜ அளவுச் சங்கிலியைப் பிடித்தவர்கள் உள்ளூர்க்காரர்கள்: பின் கம்பில் வெண்டல், அருகில் அவர் மச்சான் டெல்மர்.

டெல்மர்: வாயை மூடு மச்சான். நடுவர் பாக்கிறாரு.

வெண்டல்: நான் எங்க கத்தினேன்? மூச்சு விட்டேன்.

டெல்மர்: உன் மூச்சு மார்ஷ்டன் பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு. சங்கிலி பிடிக்கிறவன் எந்தப் பக்கமும் சேரக் கூடாது. முன் கம்பைப் பிடிச்சிருக்கிற பாதிரியாரைப் பாரு, கல்லு மாதிரி நிக்கிறாரு.

வெண்டல்: அவரு மகனா ஆடுறான்? நோலன் என் மகன்டா.

டெல்மர்: என் தங்கச்சி பெத்த பிள்ளையும்தான். நான் கத்துறனா?

வெண்டல்: உன் காது ரெண்டும் செவந்து கிடக்கு.

டெல்மர்: அது குளிரு... கிளிப்பை மாட்டிட்டியா?

வெண்டல்: மாட்டிட்டேன். தரையில போட்ட முப்பத்தஞ்சாம் கெஜக் கோட்டுக்கு நேரா வர்ற கண்ணியில. இனி கம்பு சாஞ்சாலும் கிளிப்பை அதே கோட்டுல வச்சா அளவு போகாது.

டெல்மர்: ரெண்டு வருஷமா ஒரு ஆட்டம் ஜெயிச்சதில்ல இந்தப் பசங்க. இப்ப தொடர்ந்து ஒம்போது. எனக்கு இன்னும் நம்பிக்கை வரல.

வெண்டல்: போன வாரம் பனியில கோடே தெரியாம ஓடினானே... கார்ல வீடு வர்ற வரைக்கும் நான் அவங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. பயமா இருந்துச்சு.

டெல்மர்: பெத்த மகனைப் பாத்தா?

வெண்டல்: ஆமாடா. யாரு வீட்டுப் பிள்ளையோ மாதிரி இருந்தான்.

டெல்மர்: சரி, நிமிரு. பதினேழு பதிமூணு, நாம பின்னால. நிமிஷம் ஒண்ணுகூட இல்ல. நாலு தடவைக்குள்ள பத்து கெஜம் போகணும், ரெண்டு போயிடுச்சு. இன்னும் எட்டு கெஜம்.

வெண்டல்: பந்தை நோலன்கிட்டதான் குடுக்கப் போறாங்க.

டெல்மர்: குடுத்துட்டாங்க... மச்சான், இங்கதான் வர்றான். பின்னால வா!

வெண்டல்: காலைப் பாரு... அவன் காலைப் பாருடா...

டெல்மர்: நகருய்யா! கம்பை விட்டுட்டு நகரு! ...ஐயோ! எழுந்திரிங்கப்பா, அடியில மனுஷன் கிடக்கான்! வெண்டல்! வெண்டல், உசுரோட இருக்கியா?

வெண்டல்: இருக்கேன்... தொப்பிதான் எங்கயோ போச்சு.

நடுவர்: அடி பட்டிருக்கா?

வெண்டல்: இல்லைங்க.

நடுவர்: ரெண்டு கம்பும் சாஞ்சிருக்கு. சங்கிலி அளவு சரியா இருக்கா?

வெண்டல்: ...சரியா இருக்குங்க. கிளிப்பு வச்சு நிறுத்திடலாம்.

நடுவர்: சீக்கிரம். நாலாவது தடவை, இன்னும் மூணு கெஜம்.

டெல்மர்: இதுல தாண்டலைன்னா பந்து அவனுங்களுக்கு. கோப்பையும்.

வெண்டல்: தெரியும்.

டெல்மர்: தங்கச்சி மேல் படிவரிசையில கையால முகத்தைப் பொத்திட்டு உக்காந்திருக்கா.

வெண்டல்: நீ பேசாத.

டெல்மர்: நடுவுல போறான்... ரெண்டு பேரு காலைப் பிடிச்சிட்டானுங்க... இழுத்துட்டே போறான்! நாலு பேரு... மச்சான், இன்னும் விழல! இவன் என்னடா மனுஷன்...

வெண்டல்: இப்ப யாருடா கத்துறது?

டெல்மர்: விழுந்துட்டான். தாண்டிட்டானா? இங்கேருந்து தெரியல.

நடுவர்: அளக்கணும். சங்கிலியைக் கொண்டு வாங்க. வெண்டல், கிளிப்பை முப்பத்தஞ்சாம் கோட்டுல வச்சு அழுத்திப் பிடி.

வெண்டல்: வச்சிட்டேன்.

டெல்மர்: ஒரு சத்தம் இல்ல. கொடிக்கம்பத்துக் கயிறு தட்டுறது கேக்குது.

நடுவர்: பாதிரியாரே, இழுங்க. விறைப்பா... கம்பை நிறுத்துங்க.

டெல்மர்: கம்பு பந்துக்கு முன்னால நிக்குதா, பின்னால நிக்குதா?

வெண்டல்: ...எவ்வளவு?

நடுவர்: ஒரு கண்ணி அளவு குறையுது. பந்து மார்ஷ்டனுக்கு.

டெல்மர்: ஆட்டம் முடிஞ்சு போச்சு, நம்ம ஆளுங்க எழுந்து நிக்கிறாங்க மச்சான். எல்லாரும். ஒருத்தரும் வாசப்பக்கம் போகல.

வெண்டல்: ம்.

டெல்மர்: மார்ஷ்டன் பசங்க அவன்கிட்ட வரிசையா வந்து கை குடுக்கிறானுங்க. பாரு.

வெண்டல்: பாத்துட்டுத்தான் இருக்கேன்... பையைப் பிடி. சங்கிலி முறுக்கிக்காம போடு.

டெல்மர்: மச்சான்... ஒண்ணு கேக்கட்டா? உன்மேல எல்லாரும் விழுந்தப்ப கிளிப்பு கழண்டுச்சுல்ல?

வெண்டல்: ...நீ பாத்தியா?

டெல்மர்: பாத்தேன். நடுவர்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல. நீ ஒரு கண்ணி முன்னால தள்ளி மாட்டுவேன்னு நெனச்சேன். மாட்டியிருந்தா முன் கம்பு ஒரு கண்ணி பின்னால வந்திருக்கும், அவன் தாண்டியிருப்பான். சத்தியமா, நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

வெண்டல்: தள்ளி மாட்டத்தான் கையை வச்சேன்.

டெல்மர்: அப்புறம் ஏன் மாட்டல? அந்தக் குவியல்ல சரியான கண்ணி எதுன்னுதான் உனக்கு எப்படித் தெரிஞ்சுது?

வெண்டல்: எனக்குத் தெரியலடா. நோலன்தான் பிடிச்சிருந்தான். எம்மேல கவுந்து கிடக்கிறான், அவன் முதுகுல ரெண்டு பேரு, மூச்சு வாங்குது... கிளிப்பு கழண்ட கண்ணியை மட்டும் விரல்லேருந்து விடல. "இதுதான்ப்பா"ன்னு என் கையில குடுத்துட்டு எழுந்து போனான். அதுலயே மாட்டினேன்.