கிளட்ச்சை மிதித்தும் நகர்ந்த கார்

அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். எதிரே ஒரு மெக்கானிக்கும், அவருக்குப் பழக்கமான ஓர் இளைஞரும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“அண்ணே, வீடியோ பார்த்து நானே காருக்கு கிளட்ச் பிளேட் மாத்திட்டேன். ஆனா கிளட்ச்ச முழுசா மிதிச்சாலும் வண்டி லேசா முன்னால நகருது.”

மெக்கானிக் திடுக்கிட்டுத் திரும்பினார். “பிளேட்ட பக்கம் மாத்தி மாட்டியிருப்ப மாப்ள. அப்புறம் எவ்வளவு மிதிச்சாலும் இன்ஜின் வண்டிய இழுத்துக்கிட்டேதான் இருக்கும். வண்டி இப்ப எங்க?”

“என் வீட்டுக்காரி கே.கே. நகருக்கு எடுத்துட்டுப் போயிருக்கா.”

“நகருறத அந்தப் புள்ளைகிட்டச் சொன்னியா?”

“இல்லண்ணே. பிரமாதமா மாட்டிட்டேன்னுதான் சொல்லி வச்சிருக்கேன்.”

“அடப்பாவி! மொதல்ல போனப் போடு.”

மூன்றாவது முறைதான் அந்தப் பெண் எடுத்தார். ஸ்பீக்கரில் அழுகை கேட்டது.

“சிக்னல்ல கிளட்ச்ச மிதிச்சுக்கிட்டுத்தாங்க நின்னேன். வண்டி தானாப் போயி முன்னால நின்ன ஸ்கூட்டர முட்டிருச்சு. அந்தக்கா விழுந்து முழங்கையில ரத்தம். எனக்கு வண்டியே ஓட்டத் தெரியலன்னு எல்லாரும் திட்டுறாங்க. நானும் என் தப்புதான்னு மன்னிப்புக் கேட்டுட்டேன்.”

இளைஞர் போனை வாயருகே கொண்டுபோனார்.

“நீ சரியாத்தான் மிதிச்சிருக்க. தப்பு என்னோடது. அந்தக்காகிட்ட போனக் குடு, நான் சொல்றேன்.”