பல் டாக்டர் ரேஸ் ஓட்டுகிறார்

— வளைவுக்குள்ள பிரேக் போடாதீங்க மாமா. நேரா வர்றப்பவே மிதிச்சு முடிச்சிட்டு, அப்புறம் திருப்புங்க.

— பாருங்க மாப்பிள்ளை, திருப்பினேன். பின்பக்கம் ஆடுது.

— ஆடட்டும். ஆக்சிலேட்டர்ல இருந்து காலைச் சட்டுனு எடுக்காதீங்க, கார் சுத்திடும். அவ்வளவுதான். அழகா வந்துட்டீங்க.

— இந்த ரேடியோவுல உங்க குரல் காதுக்குள்ளயே கேக்குது. கல்யாணமான புதுசுல நீங்க எங்கிட்ட இவ்வளவு பேசினதே இல்லையே.

— எப்படிப் பேசறது? கார் ஓட்டறதெல்லாம் ஒரு தொழிலான்னு கேட்டீங்க.

— கேட்டேன்தான். வாழ்க்கை பூரா பல்லு பிடுங்கினவனுக்கு வேற என்ன தெரியும்? ஐயோ, பின்னால ஏதோ வெள்ளையா பாயுது.

— பதறாதீங்க. அது நம்மைவிட வேகமான வகுப்புக் கார். ஒரே பாதையில ரெண்டு வகுப்பும் ஓடும், ஆனா அவங்க போட்டி வேற, நம்ம போட்டி வேற. நீங்க உங்க வழியிலயே போங்க. அவன் சுத்திப் போய்க்குவான்.

— போயிட்டான். வலிக்கவே இல்லை.

— சிரிக்காம ஓட்டுங்க. இன்னும் கொஞ்ச சுற்றுல நான் நிக்கற பிட்டுக்குள்ள வரணும். டயர் மாத்தி, ஆளையும் மாத்தணும்.

— அதுக்குள்ளயா?

— விதி அது. ஒரு கத்துக்குட்டி, ஒரு தொழில் டிரைவர், ரெண்டு பேரும் ஒரே காரைப் பங்கு போட்டு ஓட்டணும். நீங்க பேசி வச்ச தொழில் டிரைவரைத்தான் காணோம். வரலைன்னா நம்மளைப் போட்டியிலேர்ந்தே தூக்கிடுவாங்க.

— வந்தாச்சு மாப்பிள்ளை.

— எங்க? மெக்கானிக்குங்களையும் என்னையும் தவிர இங்க யாருமில்ல.

— பாருங்க, டீவியில ரேஸ் ஓடறப்ப உங்க வலது கால் தரையை மிதிச்சுக்கிட்டே இருக்கும். ரேஸ்ல உங்களுக்கு நடந்த அந்த விபத்துக்கப்புறம் இனிமே ஓட்ட மாட்டேன்னு என் மககிட்ட நீங்க வாக்குக் குடுத்தீங்க. உங்க கால் குடுக்கலை.

— அது முடிஞ்சு போன கதை மாமா. வளைவைப் பாருங்க.

— எனக்கு எதுக்கு இந்த வயசுல ரேஸ்? உங்ககூட ஓட்ட ஒரு கத்துக்குட்டி வேணும். எவனும் முன்வரலை. அதான் நானே கத்துக்கிட்டேன்.

— ...அவளுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா.

— திரும்பிப் பாருங்க.

— நீ... நீ எப்ப வந்தே?

— இப்பதாங்க. நீங்க குடுத்த வாக்கைத் திருப்பித் தர வந்தேன். இந்தாங்க, உங்க ரேஸ் உடுப்பு, ஹெல்மெட். அப்பா உள்ள வர்றதுக்குள்ள மாட்டுங்க.