வயிறு தள்ளிய சுவர்

விசாரணைக்கு நீங்கள் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டேன். வார்டு கவுன்சிலராக இருந்த காலத்துப் பழக்கம் சார், நாடாளுமன்றம் போன பிறகும் விடவில்லை. அந்தக் கார்பன் நகலில் இருப்பது என் கையெழுத்துதான். நிபுணரைக் கூப்பிட்டு மெனக்கெட வேண்டாம்.

முதல் தடவை கவுன்சிலரானபோது நான் வடிகட்டின அப்பாவி. சாக்கடை மூடி உடைந்தால் அன்றே மாற்றிவிடுவேன். ஈ, காக்கா கூடக் கண்டுகொள்ளவில்லை. அடுத்த தேர்தலில் பதினொரு ஓட்டில் தப்பித்தேன். அப்புறம் ஒரு மூடியை மாற்றாமல் விட்டுப் பார்த்தேன். பால் வண்டி அதில் இறங்கியது. முழங்கால் அளவு சாக்கடையில் நின்று வண்டியைத் தள்ளிவிட்டேன், தெருவே கைதட்டியது. அன்றிலிருந்து வருகிற மனுக்களைக் காய், பழம் என்று பிரித்து வைப்பேன். பழுக்கும்வரை காயைத் தொடமாட்டேன்.

பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் மூன்று தடவை வந்தார்.

"சுத்துச்சுவர் வயிறு தள்ளி நிக்குதுங்க. இடிச்சாலும் சரி, முட்டுக் குடுத்தாலும் சரி, சட்டுபுட்டுனு எதையாவது பண்ணுங்க. புள்ளைங்க அந்தப் பக்கந்தான் விளையாடுதுங்க."

"நீங்க ஏன் டீச்சர் அலையணும்? மனுவைக் குடுங்க, கமிஷனர் கையில நானே குடுக்கறேன்."

அவருடைய நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, மனுவை என் மேசைக்குள் வைத்தேன். மழைக்காலத்தில், ஆளில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து விழும் என்று கணக்குப் போட்டேன். விழுந்ததும் அங்கே முதல் ஆளாக நிற்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

மழை பெய்த ஒரு வியாழக்கிழமை, இடைவேளையில் விழுந்தது. ஐந்து பிள்ளைகள். வெறுங்கையால் செங்கல்லைத் தள்ளினேன், நகம் பெயர்ந்தது. நான்காவதாகக் கையில் வந்தது என் தங்கை மகள். அந்தப் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அதுவரை என்னை வாசலோடு நிறுத்தி வைத்திருந்த கட்சித் தலைமை, வீடு தேடி வந்து எம்.பி. சீட்டைக் கொடுத்தது. நடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அன்று நான் அழுதது நிஜம்.

மனு கொடுத்தேன் என்றார் டீச்சர். அப்படி எதுவும் வரவில்லை என்றேன். பதற்றத்தில் நகலை எங்கே வைத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. சொந்த ரத்தத்தைப் பறிகொடுத்தவன் பொய் சொல்வானா என்று ஊர் கேட்டது. அவருக்கு வேலை போனது, பிறகு சிறை. இப்போதுதான் பழைய வினாத்தாள் கட்டுக்குள்ளிருந்து அவர் மகன் நகலைக் கண்டெடுத்திருக்கிறார். டீச்சரை விட்டுவிடுங்கள் சார். எனக்கு அவர் மேல் கோபமில்லை.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மழை நாளில் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாதே என்று தங்கையிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தேன். காரணம் சொல்லவில்லை. பரீட்சை என்று அன்றைக்கு அனுப்பிவிட்டாள். தேர்தல் மேடையில் மைக்கைப் பிடித்து அதையேதான் சொல்வாள்.

"எங்கண்ணன் தலபாடா அடிச்சுக்கிட்டாரு. பாவி, நாந்தான் கேக்கல."

கூட்டமே அழும். நான் அவள் தோளைப் பிடித்துக்கொள்வேன்.

ஆறு வருடமாக இப்படித்தான். மனு விஷயம் அவள் காதுக்குப் போக வேண்டாம் சார், தாங்கமாட்டாள். தன்னையே நொந்துகொள்வது அவளுக்குப் பழகிவிட்டது. என்னை நொந்துகொள்ள ஆரம்பித்தால், பாவம், ஆறுதல் சொல்ல அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?