கோட்டை மேலதான் சிக்னல் கெடைக்கும்

அய்யோ, பயப்படாதீங்க தம்பி. தலையில முக்காடு, கையில பொட்டலம், நிக்கிறது அமெரிக்காவுல, நெவார்க் ஏர்போர்ட்டு. அந்தப் போலீஸ்காரரே ரெண்டு சுத்து வந்து பாத்துட்டுப் போயிட்டாரு. நீங்க போன்ல, சாப்ட்டேம்மா, சாப்ட்டேம்மான்னு சொன்னது காதுல விழுந்துச்சு. அதான் ஓடி வந்தேன். ஃப்ராங்க்ஃபர்ட்டுக்குத்தானே போறீங்க?

என் பேரு பத்ருன்னிசா. பிரிட்ஜ்வாட்டர்ல பெரிய மகன் ஆதிஃப் வீட்ல இருக்கேன். அவன் கார் பார்க் பண்ணப் போயிருக்கான். சின்னவன் ஆதில் ஜெர்மனில. அவனுக்குத்தான் இது. நாளைக்கே போய்ச் சேரணும். கூரியர்ல கேட்டா திங்கக்கிழம ஆகும்ங்கறாங்க. திங்கக்கிழம போய் என்ன செய்ய?

துணிதான் தம்பி. பிரிச்சே பாத்துக்கங்க. வெறும் வெள்ளத் துணி, மக்காவுலேர்ந்து கொண்டாந்தது. யாராச்சும் எதாச்சும் குடுத்தாங்களான்னு கவுன்டர்ல கேப்பாங்க. ஆமான்னே சொல்லுங்க, பொய் வேணாம். என்னையக் கை காட்டுங்க, வந்து நிக்கிறேன்.

அங்கயும் துணி கெடைக்கும், கெடைக்காம என்ன. ஆனா இதுதான் போகணும் தம்பி. இது மக்காவுல ஜம்ஜம் கெணத்துத் தண்ணில நனச்சுக் காயவெச்சது.

ஆஸ்பத்திரிலதான் இருக்கான். கோட்டையிலேர்ந்து விழுந்துட்டான்.

நெசக் கோட்டைதான். அவன் இருக்குற ஊருக்கு மேல, மலை உச்சில. எண்ணூறு வருஷத்துக் கோட்டையாம். போட்டோ அனுப்பியிருந்தான். கூரை இல்ல, கதவு இல்ல, பாதி கோபுரம், ராசா உக்காந்த எடத்துல மரம் மொளச்சிருக்கு. இதப் போய்ப் பாக்க என்னடா இருக்குன்னேன். ஒரு சுவத்தக் காட்டி, உம்மா, இது அவங்க சமையக்கட்டு, அடுப்புக் கரி இன்னும் போகல பாருங்கன்னான். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ராசாவும் போயிட்டாரு, சிப்பாயும் போயிட்டான். எவளோ ஒருத்தி ஊதுன அடுப்போட கரி மட்டும் நிக்குது.

நகருங்க தம்பி, லைன் போகுது. நானும் கூடவே வரேன்.

கீழ அவன் ரூம்ல செல்போன் எடுக்காது. கோட்டை மேலதான் சிக்னல் கெடைக்கும். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அங்க ஏறி என்னையக் கூப்புடுவான். உம்மா, நான் இப்ப கோட்டைக்கு ராசா, என்ன வேணும் கேளுங்கம்பான். ஒரு பொண்ணப் பாத்துக் கட்டிக்கடா ராசான்னு நானும் சொல்வேன். அன்னிக்கும் அதான் பேசிக்கிட்டிருந்தோம். மழ பேஞ்சு கல்லெல்லாம் வழுக்குதுன்னான். அப்புறம் சத்தத்தக் காணோம். லைன் கட்டாகல தம்பி. காத்து மட்டும் எரஞ்சுக்கிட்டே இருந்துச்சு. ஆதில், ஆதில்னு நான் பாட்டுக்குக் கூப்டுக்கிட்டே இருந்தேன், சார்ஜ் தீர்ற வரைக்கும்.

நீங்க அங்கல்லாம் ஏறாதீங்க. உங்க அம்மா இருக்காங்க.

நான் போலாம்தான். விசாவுக்கு அடுத்த வாரம்தான் வரச் சொல்லியிருக்காங்க. ஆதிஃப் போலாம்னா அவன் பாஸ்போர்ட்டு விசா ரெனியூ பண்ணத் தபால்ல போயிருக்கு, இன்னும் வந்து சேரல. ரெண்டு புள்ளையப் பெத்து, கடலத் தாண்டி வந்து, இப்பப் போறதுக்கு ஒரு ஆள் இல்ல.

உங்களுக்கு முந்தி அந்தப் பட்டுப்பொடவ அம்மாகிட்ட கேட்டேன். காது கேக்காத மாதிரி தள்ளி நின்னுட்டாங்க. அவங்களச் சொல்லக் கூடாது, காலம் அப்படி. நீங்களும் மாட்டேன்னா நான் வேற யாரக் கேப்பேன்? ஊருக்குள்ளல்லாம் போக வேணாம். ஏர்போர்ட் வாசல்ல ஜம்புநாதன்னு ஒரு பையன் நிப்பான், ஆதில் கூட வேல பாக்குறவன், கும்பகோணத்துப் புள்ள. அவன்கிட்ட குடுத்தாப் போதும்.

இப்ப எப்படி இருக்கானா? அல்லாகிட்ட விட்டாச்சு தம்பி.

எடுத்துட்டுப் போறீங்களா? நெசமாவா? அல்லா உங்களுக்கு ஒரு கொறையும் வெக்க மாட்டான். இந்தாங்க, மடிப்பு கலையாமப் பையில வைங்க. ஜம்புநாதன்கிட்ட, ஜும்மா தொழுகைக்கு முந்தியே பள்ளிவாசல்ல கொண்டுபோய்க் குடுக்கச் சொல்லுங்க. துருக்கிக்காரங்க பள்ளி, அவங்களே குளிப்பாட்டிருவாங்க. அடக்கம் தொழுகைக்கு அப்புறம்.

ஆமா தம்பி. அன்னிக்கே, மலையிலயே.

இது எனக்குன்னு வாங்கி வெச்சிருந்தது. நான் மௌத்தானா எம்மேல போத்துறதுக்கு. பொம்பளைக்கு அஞ்சு துண்டு, ஆம்பளைக்கு மூணு போதும். சட்டைத் துணியையும் முக்காட்டுத் துணியையும் மட்டும் எடுத்து வெச்சுட்டேன். நீளம்தான் கவலையா இருக்கு. நான் குட்டை, அவன் அவங்க வாப்பா மாதிரி வளத்தி. நீங்களும் கிட்டத்தட்ட அவன் ஒசரந்தான். இல்ல இல்ல, உங்க மேல வெச்சுப் பாக்க மாட்டேன், நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும். கண்ணாலயே பாத்துக்கிட்டேன்.

எட்டும்.