தேவையான அளவு மட்டும்

யூகோக் காற்று வீசும் நாட்களில் எங்கள் ரியெக்காவில் யாரும் பெரிய முடிவு எதையும் எடுப்பதில்லை. வீடு வாங்குகிறவர்கள் கையெழுத்தைத் தள்ளிப்போடுவார்கள். பல் பிடுங்கக்கூடப் போக மாட்டார்கள். வடக்கேயிருந்து வரும் காற்றுக்குப் பூரா என்று பெயர், அது நல்ல காற்று. ஜன்னல் இடுக்குகளில் சீட்டியடித்துக்கொண்டு வரும், வானத்தைத் துடைத்துவிட்டுப் போய்விடும். தெற்கேயிருந்து வரும் யூகோ அப்படியில்லை. சத்தமே போடாது. ஈரத் துணி மாதிரி வந்து தலைமேல் உட்கார்ந்துகொள்ளும். ரொட்டி நமுத்துப்போகும், முட்டி வலிக்கும், புருஷனும் பெண்டாட்டியும் எதற்கென்று தெரியாமல் சண்டை போட்டுக்கொள்வார்கள். நீங்கள் சாக்ரெபிலிருந்து விசாரணைக்கு வந்திருக்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன், மேடம். அந்த வாரம் முழுக்க யூகோதான். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறக்கலாமா?

சரி, பரவாயில்லை.

என் வேலை என்ன என்று கேட்டீர்கள். எங்கள் ஏஜென்சி கப்பல்களுக்கு ஆள் தேடிக் கொடுக்கிறது. மாலுமிகள், மெக்கானிக்குகள், சமையல்காரர்கள். கப்பல் முதலாளிகள் ஃபோனில் ஒன்று பேசுவார்கள், பிறகு பேசவே இல்லை என்பார்கள். அதனால் கேப்டன் லிவியோ, அவர்தான் எங்கள் முதலாளி, எல்லாக் கூட்டங்களையும் எல்லா அழைப்புகளையும் பதிவு செய்ய ஏற்பாடு செய்தார். ஆரம்பத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் திறந்து கேட்கலாம் என்று இருந்தது. ஒரே மாதத்தில் யாருக்கு என்ன சம்பளம் என்பது கீழே காபிக் கடைக்காரர்வரை போய்விட்டது. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டு, "டிங்கோ, இனிமே சாவி உன்கிட்ட. நீ வாயைத் திறக்கிற ஆள் இல்ல" என்றார்.

அதற்காகச் சாக்ரெபுக்கு அனுப்பி ஒரு பயிற்சியும் கொடுத்தார்கள். அங்கே படித்ததில் ஒரு வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. யாருக்குத் தேவையோ அவருக்கு, தேவையான அளவு மட்டும், தேவையான காலம்வரை. இதைவிட நியாயமான வாக்கியத்தை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை. எல்லாரும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தால் உலகம் தாங்காது, மேடம்.

ஒரு பதிவு வந்தால் முதலில் நான் கேட்பேன். கேட்டால்தானே யாருக்குத் திறக்கலாம் என்று முடிவு செய்ய முடியும்? ஒரு மாலுமி கால் உடைந்து வழக்குப் போட்டால் அவருடைய வக்கீலுக்கு அந்த விபத்தைப் பற்றிய பேச்சை மட்டும் வெட்டி அனுப்புவேன். முன்னால் பேசிய சரக்கு விவகாரம் அவருக்கு எதற்கு? இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். ஒரு புகார் வந்ததில்லை.

இப்போது மரேண்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் காபி, மதியத்துக்கு முன்னால் மரேண்டா என்கிற சிறு சாப்பாடு. அந்த நேரம் வந்துவிட்டால் எங்கள் ஊரில் கப்பலே மூழ்கினாலும் கரண்டியைக் கீழே வைக்க மாட்டார்கள். எங்கள் திங்கட்கிழமைக் கூட்டம் அந்த நேரத்துக்கு முடியும். வீட்டிலிருந்து பேசுகிறவர்கள் விடைபெறுவார்கள், அறையில் இருப்பவர்கள் மேஜையைத் துடைத்துவிட்டுப் பொட்டலங்களைப் பிரிப்பார்கள். பதிவை நிறுத்த வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றாது. கூட்டம் முடிந்துவிட்டது, இனிமேல் சாப்பாடு, சாப்பாட்டை யார் பதிவு செய்வார்கள் என்று ஒரு நினைப்பு. நான் ஒருமுறை கூட எடுத்துச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அப்படி எல்லாப் பதிவுக்கும் ஒரு வால் உண்டு. பொரித்த மீன் முள்ளைத் துப்பிக்கொண்டே பேசுவார்கள். கிளம்பிப் போனவரைப் பற்றித்தான் பேச்சு இருக்கும். எங்கே போனாலும் அது அப்படித்தான், தப்பு என்று சொல்ல மாட்டேன். அந்த வால்களை நான் ஒருவருக்கும் திறந்ததில்லை. என்னோடு வைத்துக்கொண்டேன்.

பதிவில் பேசுவதை எழுத்தாக்கித் தரும் வசதி உண்டு. பெயரைக் கொடுத்துத் தேடலாம். ஒருநாள் என் பெயரைக் கொடுத்துத் தேடினேன். யாராக இருந்தாலும் தேடியிருப்பார்கள். இத்தனை வருடத்தில் நான் அறையை விட்டுப் போன பிறகு என்னைப் பற்றி இரண்டே இரண்டு முறை பேசியிருந்தார்கள். ஒன்று, "விளக்கை அணைக்கணுமா?" "விடு, டிங்கோ வந்து அணைப்பான்."

இன்னொன்று எங்கள் அலுவலக லோரெடானா சொன்னது. அவள் ரொம்பக் கலகலப்பானவள், உங்களுக்கு மற்றவர்கள் சொல்லியிருப்பார்கள். "டிங்கோ சந்தோஷமா இருந்தா சீட்டியடிப்பான், கவனிச்சிருக்கீங்களா? கெட்டில் கொதிக்கிற மாதிரி மெல்லிசா. அது அவனுக்கே தெரியாது. தெரிஞ்சா அதுக்கும் ஒரு பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிடுவான்." எல்லாரும் சிரித்தார்கள். கேப்டனுக்குப் புரையேறிவிட்டது.

அதில் புண்படுத்தும்படி ஒன்றும் இல்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமும் இல்லை. அது இரண்டு வருடத்துக்கு முந்தைய பேச்சு. சிரிப்புக்கு அடுத்து அவள் என்னைப் பற்றிச் சொன்னதைக் கேட்டீர்களா என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். இல்லை. சிரிப்போடு நிறுத்திவிட்டேன். போட்டுக் காட்டட்டுமா என்றீர்கள். வேண்டாம், மேடம். எனக்குத் தேவையான அளவு கேட்டுவிட்டேன்.

லோரெடானா பிறகு ஏழெட்டு மாதம் வேலைக்கு வரவில்லை. மனசு சரியில்லை என்றார்கள். லோவ்ரானில் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். யாஸ்னாதான் போய்ப் போய்ப் பார்ப்பாள். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதிகள், இங்கேயும் பக்கத்துப் பக்கத்து மேஜை. இந்த இலையுதிர் காலத்தில்தான் லோரெடானா திரும்பவும் வேலையை எடுத்துக்கொண்டாள், வீட்டிலிருந்தபடி. மாத்திரைகள் அவளை மந்தமாக்கியிருந்தன. கேட்டதையே கேட்பாள். கோப்பரில் நிற்கிற கப்பலுக்குப் போக வேண்டிய சமையல்காரரை ஜெனோவாவுக்கு அனுப்பிவிட்டாள். அந்த மனிதர் பாவம், துறைமுகத்தில் நின்று ஃபோன் செய்து, "கடல் இருக்கு, கப்பலைக் காணோமே" என்றார்.

அந்தத் திங்கட்கிழமை அவள் குரல் தெளிவாக இருந்தது. "சாப்பிடுங்க எல்லாரும். எனக்கும் சேர்த்துச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள். பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

அதில் இருப்பதை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். இருந்தாலும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

யாஸ்னா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே ஆரம்பித்தாள். "இவளால முடியாது, கேப்டன். இன்னிக்கு ஒரே கப்பல் பேரை மூணு தடவை கேட்டா. நானும் சிரிச்சுக்கிட்டே பதில் சொல்றேன். எத்தனை நாளைக்கு அவ கொட்டினதை நான் துடைச்சுக்கிட்டு இருக்கிறது?"

"தெரியும்" என்றார் கேப்டன்.

"தெரியும்னா? அவளுக்குப் புரியவே இல்ல, தான் இருக்கிறதே பாரம்னு. எங்களையெல்லாம் இழுத்துக்கிட்டு அடியில போறா."

கரண்டிச் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு கேப்டன், "அவ கப்பல்ல பாதியை நான் எடுத்துக்கறேன். மீதி உனக்கு. கோடைவரைக்கும். முடியுமா?" என்றார்.

"நான் எடுத்துக்க மாட்டேன்னு சொன்னேனா? ஏற்கெனவே நாலு கப்பலை நான்தான் பாக்கறேன், அவ, தானே பாக்கறதா நினைச்சுக்கிட்டு இருக்கா. என் சிநேகிதியைத் திட்டக்கூட எனக்கு உரிமை இல்லையா?" என்றாள் யாஸ்னா. அவள் அழுதுகொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். வாயில் ரொட்டி இருந்ததால் சரியாகத் தெரியவில்லை. "அவகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க. அவமானப்பட்டுப் போயிடுவா."

இவ்வளவுதான்.

நான் இதை மூன்று நாள் வைத்துக்கொண்டிருந்தேன். எழுந்து நடப்பேன், உட்காருவேன், மறுபடி எழுந்து போய்த் துறைமுகத்தைப் பார்ப்பேன். கடல் சாம்பல் நிறத்தில் புரண்டுகொண்டிருந்தது. எனக்கு ஒரு விஷயம் நியாயமாகப் படவில்லை. ஒருவரைப் பற்றிச் சேர்த்து வைத்ததைத் தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. ஐரோப்பா முழுக்கச் சட்டமே அப்படித்தான். எல்லாரும் அவளிடம் சிரித்துப் பேசி நடிக்கிறார்கள், அவள் அதை நம்பிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு உண்மை தேவை என்று முடிவு செய்தேன். யாருக்குத் தேவையோ அவருக்கு.

வியாழக்கிழமை அந்தப் பதிவைக் கேட்க அவளுக்கு அனுமதி கொடுத்தேன். யாஸ்னா பேச ஆரம்பிப்பதிலிருந்து, "அடியில போறா" என்பதுவரை.

ஏன் அதோடு வெட்டினீர்கள் என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அதற்குப் பிறகு வருவது வேலையை யார் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்கிற பேச்சு. அது கேப்டனுக்கும் யாஸ்னாவுக்கும் உள்ள நிர்வாக விஷயம். தவிர, அவளிடம் சொல்ல வேண்டாம் என்று யாஸ்னாவே கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த ரகசியத்தையும் நான் காப்பாற்ற வேண்டுமில்லையா? இரண்டு பேருக்கும் நியாயம் செய்தேன். இதைவிடச் சரியாக வெட்ட முடியாது.

கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

அன்று மதியமே அவள் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தாள். கேப்டனைக் கேட்கவில்லை, யாஸ்னாவைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டாள். இத்தனை வருடத்தில் அவள் என்னைக் கேட்டு ஃபோன் செய்தது அதுதான் முதல் தடவை.

"டிங்கோ, நீ அனுப்பினதைக் கேட்டேன்."

"சரி."

"இதுக்கு அப்புறம் ஏதாவது பேசினாங்களா?"

அவளே தொடர்ந்தாள். "இல்ல, யாஸ்னாவை எனக்குத் தெரியும். அவ முதல்ல கண்டபடி திட்டுவா, அதுக்கப்புறம்தான் மனசுல இருக்கிறது வெளியில வரும். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். அதான் கேக்கறேன். அப்புறம் ஏதாவது சொன்னாளா?"

"இல்ல. அதோட முடிஞ்சுது."

"நல்லாப் பாத்துச் சொல்லு, டிங்கோ."

"பாத்துட்டேன். அதுக்கப்புறம் சாப்பாடுதான்."

அவள் மூச்சு விடுவது கேட்டது. பிறகு, "நன்றி, டிங்கோ. நீ ஒருத்தனாவது மறைக்காம குடுத்தியே" என்றாள். வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பிரெஸ்டோவாவிலிருந்து க்ரெஸ் தீவுக்குப் போகும் படகில் அவள் வண்டியை ஏற்றியிருக்கிறாள். அக்கரையில், போரோசினாவில் எல்லா வண்டிகளும் இறங்கின. அவளுடைய வெளிர்நீல ஃபியட் மட்டும் அப்படியே நின்றது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்களாம். உள்ளே ஆள் இல்லை. சாவி அதிலேயே இருந்தது. மீதியை என்னைவிட நீங்கள் அறிவீர்கள்.

சவ அடக்கத்துக்கு நானும் போனேன். யாஸ்னா கேப்டனின் தோளைப் பிடித்து உலுக்கி, "அவகிட்ட நேர்லயே சொல்லியிருக்கலாமே, ரெண்டு பேரும் பாத்துக்கறோம்டின்னு சொல்லியிருக்கலாமே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அவர்களுக்கு என்ன தேவை என்று யோசித்தேன். ஒன்றும் தேவையில்லை என்று பட்டது. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

யார் எதை யாருக்குத் திறந்தார்கள் என்பது தானாகவே பதிவாகும். லோரெடானாவின் கணினியைக் கேப்டன் திறந்து பார்த்தபோது என் பெயர் வந்தது. அதை நான் அழித்திருக்கலாம், அந்த அதிகாரமும் என்னிடம்தான் இருந்தது. அழிக்கவில்லை. நான் இதுவரை எதையும் அழித்ததில்லை, மேடம். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். அறிக்கையில் நான் ஒப்புக்கொள்வதையும் தெளிவாகவே போட்டுக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் பேச்சு இருந்தது. அவள் கேட்டாள். நான் இல்லை என்றேன். இருந்ததை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அந்தப் படகில் ஏறியிருக்க மாட்டாள் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

அலுவலகத்துக்கு வரும் எல்லா ஃபோனும் பதிவாகும் என்பதால் அந்த வியாழக்கிழமை அழைப்பும் இருக்கிறது. என்னைத் தவிர யாரும் அதைத் திறக்க முடியாது. கூட்டப் பதிவுகளைப் போலவே இதையும் உங்களுக்குத் திறந்துவிடுகிறேன். அவள் என் பெயரைச் சொல்வதிலிருந்து நன்றி சொல்லி வைப்பதுவரை.

ரிசீவரை நான் சரியாக வைக்கவில்லை போலிருக்கிறது. அவள் வைத்த பிறகும் பதிவு கொஞ்ச நேரம் ஓடுகிறது. அந்த வாலை மட்டும் பூட்டியே வைத்திருக்கிறேன். அறையில் நான் தனியாக இருந்தேன், யாரும் யாரிடமும் பேசவில்லை, அது வழக்குக்குத் தேவைப்படாது. உங்கள் ஆட்கள் எப்படியும் திறந்துவிடுவார்கள் என்று தெரியும். திறந்தால் மெல்லிதாக ஒரு சீட்டிச் சத்தம் கேட்கும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அது காற்று, மேடம். அந்த வாரம் முழுக்க யூகோ என்று முதலிலேயே சொன்னேனே.